இருபத்து நாலில் ஒரு பங்கு கார்

மாருதி 800 காரின் நீளம் 3,335 மில்லிமீட்டர். அதை 24ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 139 மில்லிமீட்டர் வரும். கணக்கு அதோடு முடியாது. அகலமும் உயரமும் அதே பங்கு குறைவதால் கனஅளவு 13,824ல் ஒரு பங்காகிவிடும். 796 சிசி இன்ஜின் ஒரு சொட்டுத் தண்ணீர் பிடிக்கும் அளவுக்குச் சிறுத்துப் போகும். ஏறத்தாழ 650 கிலோ வண்டி 47 கிராமில் வந்து நிற்கும். நிஜக் காரில் கதவு இடுக்கு 4 மில்லிமீட்டர் என்றால் இங்கே அது 0.17. கம்பெனி பெயின்ட் எல்லாப் பூச்சும் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் கனம் என்றால், இங்கே 0.004 மில்லிமீட்டர் கனத்தில் அடிக்க வேண்டும். அப்படி அடிக்க உலகத்தில் யாராலும் ஆகாது. ஸ்கேல் மாடல் கார் கட்டுகிறவர்களின் பாடு முழுக்க இந்தக் கடைசிக் கணக்கில்தான் இருக்கிறது.

கடையில் வாங்கி அலமாரியில் வைக்கிற பொம்மைக் கார் வேறு, இது வேறு. கிட் பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இருக்காது. செவ்வகச் சட்டங்களில் கிளை கிளையாய்த் தொங்கும் பிளாஸ்டிக் உருப்படிகள் இருக்கும். ஜன்னல் கண்ணாடிகளுக்கு ஒரு சட்டம், குரோம் பூசிய பம்பருக்கும் கிரில்லுக்கும் ஒரு சட்டம், நாலு ரப்பர் டயர், தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாள், வரிசை எண் போட்ட படவிளக்கத் தாள் ஒன்று. பாடி மட்டும் ஒரே வார்ப்பாக முழுசாய் வரும். மீதி எல்லாம் வாங்கினவன் பாடு.

கோவைப் பக்கத்துக் கருமத்தம்பட்டியில் இப்படியொரு பெட்டியை மேஜைமேல் பிரித்து வைத்திருந்தபோது, பக்கத்தில் தறி ஓட்டும் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, இத்தன காசு குடுத்து ஒடஞ்ச பொம்மையவா வாங்கியாந்தீங்க?”

“ஒடஞ்சதில்லீங்க பெரியப்பா. இன்னும் கூட்டாததுங்க.”

“அப்ப கூட்டறதுக்கு அவனல்ல உங்களுக்குக் கூலி குடுக்கோணும்? நீங்க அவனுக்குக் குடுத்துட்டு வந்திருக்கறீங்க!”

அதை ஒட்டிய சோமனூர் வட்டாரத்தில் பாதிப் பேர் பாவு வாங்கி, கூலிக்குத் துணி ஓட்டிக் கொடுக்கிறவர்கள். அங்கே இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் இதே ஊரும் இதை ஒட்டியுள்ள கோவையும் இந்தப் பொழுதுபோக்குக்கு எவ்வளவு கிட்டத்துச் சொந்தம் என்பது பெரியவருக்குச் சொன்னால் புரிந்திருக்கும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

கழற்றிப் பூட்டினவர்கள்

கருமத்தம்பட்டியிலிருந்து சூலூர்ப் பக்கம் போனால் கலங்கல் வரும். 1893ல் ஜி.டி.நாயுடு பிறந்த ஊர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார் என்பது கொங்கு நாட்டில் குழந்தைகளுக்கும் தெரிந்த சங்கதி. வாங்கின வண்டியை ஓட்டிப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டினார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை விட்டவர், பிற்பாடு யு.எம்.எஸ். என்று பெரிய பஸ் கம்பெனியே நடத்தினார். 1937ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரை வெளியே கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்த மோட்டார் சைக்கிள்தான்.

இப்போது ஜப்பானுக்குப் போவோம். ஷிசுவோகா நகரத்தில் 1946ல் மரம் அறுத்து விற்கும் கடையாகத் தொடங்கிய கம்பெனி டாமியா. மரத்தில் கப்பல், விமான மாடல்கள் செய்தார்கள். பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1967ல் ஹோண்டா ஆர்ஏ273 பந்தயக் காரை 12ல் ஒரு பங்கு அளவில் கிட்டாகப் போட்டார்கள். 1976ல் போர்ஷே 934 கிட்டுக்காக, நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு டாமியா நிஜமான போர்ஷே 911 கார் ஒன்றையே விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தார். திரும்பக் கூட்ட வராமல், கடைசியில் போர்ஷே ஆட்களை வரவழைத்துத்தான் கூட்டினார்கள் என்பது மாடல் கட்டுகிறவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை. அந்த ஒரு விஷயத்தில் மார்க் கலங்கல்காரருக்குத்தான்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. அங்கே புதுக் கார் வெளிவரும்போது ஷோரூமில் கொடுப்பதற்காக 25ல் ஒரு பங்கு பிளாஸ்டிக் கார்களைச் செய்து தருவது ஏஎம்டி கம்பெனியின் வேலை. அந்த அச்சுகளையே வைத்து 1958ல் கூட்டாத கிட்டாக விற்கத் தொடங்கினார்கள். ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம் என்று உதிரிகள் போட்டார்கள். கம்பெனிக்காரன் தந்தபடியும் கட்டலாம், ரேஸ் காராகவும் மாற்றலாம், உங்கள் மனசுப்படியும் செய்யலாம். ‘உன் மனசுப்படி’ என்று பெட்டிக்குள்ளேயே அனுமதி கொடுத்ததுதான் அந்தத் தொழிலை வளர்த்தது என்று நினைக்கிறேன்.

கோவையில் அந்த அனுமதியை யாரும் தரத் தேவையில்லை. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் குடும்பத்து கரிவரதன் 1980களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை எடுத்து, தானே சட்டம் கட்டி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். மேல்நாட்டில் லட்சக்கணக்கில் செலவாகும் ஒரு பந்தயத்தை, ஊரில் எந்த மெக்கானிக்குக்கும் கை பழகின இன்ஜினை வைத்துச் சாத்தியமாக்கினார். 1995ல் விமான விபத்தில் அவர் இறந்தார். 2003ல் திறந்த செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். அந்த மாருதிக் கார்களில் கை பழகியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர். அந்த 19ஆம் எண் மஞ்சள் காரை ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் 43ல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டது. ரெடிமேடாக, கண்ணாடிப் பெட்டியில். கோவைக்காரர் பெயர் போட்ட கார் உலகத்து அலமாரிகளில் ஏறியது. ஆனால் அதில் கோவைக்காரன் கை வைக்க இடமில்லை, எல்லாம் ஒட்டி முடித்து வருவது.

பேட்டர்ன் மேஸ்திரியின் ஸ்கேல்

கோவையில் கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பக்கம் பேட்டர்ன் கடைக்குள் போனவர்களுக்குத் தெரியும். பம்ப் பாடி வார்ப்பதற்கு முதலில் தேக்கில் அதன் மாதிரியைச் செய்வார்கள். அந்த மாதிரியை மணலில் புதைத்து எடுத்த பள்ளத்தில்தான் காய்ச்சிய இரும்பை ஊற்றுவது. இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர், அலுமினியம் 13, எஃகு 20. அதனால் பேட்டர்ன் மேஸ்திரி வைத்திருக்கும் ஸ்கேல் சாதாரண ஸ்கேல் அல்ல. சுருங்கப் போகிற அளவை முன்கூட்டியே சேர்த்துக் கோடு போட்டது. நிஜ உருவத்தை அப்படியே செய்யாமல், வேறொரு அளவில் மனசுக்குள் போட்டுப் பார்த்துச் செய்கிற வித்தை அவருக்கு அன்றாடப் பிழைப்பு.

மாடல் கிட் அச்சு செய்கிறவனும் இதைத்தான் செய்கிறான். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் அரை சதவீதம் வாக்கில் சுருங்கும். அச்சிலிருந்து வழுக்கி வெளியே வர ஒன்றிரண்டு டிகிரி சரிவு வேண்டும். இரண்டு பாதி அச்சும் சேரும் இடத்தில் பார்ட்டிங் லைன் விழும். வார்ப்படத்தில் அதைக் கிரைண்டரில் தேய்ப்பார்கள். மாடலில் உப்புத்தாளில் தேய்க்கிறோம். காரின் பாடி மட்டும் கொஞ்சம் சிக்கல். கூரையும் நாலு பக்கமும் ஒரே உருப்படியாக வர வேண்டுமென்றால் அச்சு இரண்டு பாதியாக இருந்தால் போதாது. பக்கவாட்டில் நகர்ந்து விலகும் ஸ்லைடுகள் வேண்டும். அந்த ஸ்லைடுகள் சந்திக்கும் இடத்தில் மட்கார்டின் மேலும் ஜன்னல் தூண்களிலும் மயிரிழை போல ஒரு கோடு நிற்கும். பெட்டியைப் பிரித்ததும் அனுபவப்பட்டவன் கண் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். அதைத் தேய்க்காமல் பெயின்ட் அடித்தால், பளபளப்பு ஏற ஏறக் கோடும் எழுந்து வரும்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் சட்டங்களை சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். உருப்படிகளை முறித்து எடுக்கக் கூடாது, நிப்பரில் கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்ட ஒரு வெட்டு. மிச்சத்தை 400ஆம் நம்பர் தாளில் தொடங்கி 1000 வரை ஏற்ற வேண்டும். ஒட்டுவதற்கு வரும் சிமென்ட் உண்மையில் பசை அல்ல. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கும் கரைப்பான். இடுக்கில் தூரிகை நுனியைத் தொட்டால் தானாக உள்ளே ஓடிவிடும். ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் அதைக் கிட்டத்தில் கொண்டு போகக் கூடாது. ஃபெவிக்விக்கும் ஆகாது. அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெண்புகை படிந்ததுபோல் மங்கிவிடும். கண்ணாடிக்குச் சாதாரண ஃபெவிகால்தான். காய்ந்தால் நிறமில்லாமல் போய்விடும், தப்பாய் ஒட்டினால் ஈரத்துணியில் துடைத்துவிடலாம்.

ஆடிக்காற்றும் பஞ்சும்

பெயின்ட் அடிப்பதற்கு கருமத்தம்பட்டி உகந்த ஊர் இல்லை. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. வைகாசியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை காற்று வாரிக்கொண்டு வரும். தேசிய நெடுஞ்சாலை 544ல் லாரிகள் கிளப்பும் புழுதி ஒரு பக்கம், தறிக்கூடங்களிலிருந்து பறக்கும் பஞ்சு ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் பிசிர் ஈரப் பெயின்டில் உட்கார்ந்தால், 24 மடங்கு பெருக்கிப் பார்த்தால் காரின் மேல் கயிறு கிடப்பது மாதிரி.

இதற்கு இந்த ஊர் ஆட்கள் கண்டுபிடித்த வழி எளிது. தறி நின்றிருக்கும் நேரம் பார்த்து, கதவைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு அடிப்பது. மின்தடை வந்தால் தறிக்காரர்களுக்கு நஷ்டம். மாடல் கட்டுகிறவனுக்கு அது நல்ல நேரம். என்ன, கம்ப்ரஸரும் ஓடாது. அதற்கு முன்பே காற்றுத் தொட்டியை நிரப்பி வைத்திருக்க வேண்டும்.

கம்ப்ரஸர் என்றதும் கோவைக்காரனுக்கு ஊர்க் கம்பெனியான எல்ஜி ஞாபகம் வரும். ஊர் முழுக்க டயர்க் கடையிலும் டிங்கரிங் பட்டறையிலும் ஓடுவது அதுதான். மாடலுக்குத் தேவை அவ்வளவு பெரிய காற்று இல்லை. 0.3 மில்லிமீட்டர் துளையுள்ள ஏர்பிரஷ்; 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். கெட்டியாக இருந்தால் நூல் விடும், நீர்த்தால் ஓடும்.

இங்கேதான் டிங்கரிங் பட்டறை நண்பர்கள் கைகொடுப்பதும் கெடுப்பதும். அவர்களிடம் வெள்ளியிலிருந்து மாருதி நீலம் வரை எல்லா ஷேடும் உண்டு. கலர் கோடு சொன்னால் கலந்தே தருவார்கள். ஆனால் அதில் கலக்கும் என்சி தின்னர் பாலிஸ்டைரீனைத் தின்னும். நேராக அடித்தால் பாடி முழுக்க வலைப்பின்னலாய் வெடித்துவிடும். பிரைமரை நாலைந்து தடவை பனித்தூறலாகத் தூவி, ஒவ்வொன்றையும் காயவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஒரு கவசம் போட்ட பிறகுதான் அந்தப் பெயின்டைக் காட்டலாம். மெட்டாலிக் கலரில் இன்னொரு தொல்லை. நிஜக் காருக்கான வெள்ளித்துகள் மாடலுக்கு மிகப் பெரிது. அருகில் பார்த்தால் கார் மினுங்காது, சரிகை போட்டதுபோல் நிற்கும். அதற்கு மாடலுக்கென்றே அரைத்த துகள் உள்ள பெயின்டைத்தான் வாங்க வேண்டும். பட்டறைக்காரர் 2கே கிளியர் கோட் அடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்றால் முகக்கவசம் அவசியம். அதன் கெட்டியாக்கியில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. துணிக்கட்டு போதாது, கார்பன் வடிகட்டி வைத்த கவசம் வேண்டும்.

மழை பெய்து ஈரப்பதம் ஏறிய நாளில் லாக்கர் அடித்தால் பூச்சு வெளுத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வருவது. அடுத்த வெயில் நாளில் மெல்லிய தின்னர் தூவல் ஒன்று கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முதல் பத்தியில் சொன்ன 0.004 மில்லிமீட்டர் தொல்லை இங்கே வரும். நாம் அடிக்கும் பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்தால் 0.17 மில்லிமீட்டர் கதவு இடுக்கு தூர்ந்து போகும். அதனால் பெயின்டுக்கு முன்பே ஊசியால் இடுக்குகளைக் கீறி ஆழப்படுத்த வேண்டும். பிறகு கறுப்பு நீர்ப் பெயின்டை அந்த வாய்க்காலில் ஓடவிட்டுத் துடைத்தால்தான் கதவு கதவாகத் தெரியும். ஆக, நிஜத்தில் இருப்பதைவிட ஆழமாகச் செதுக்கினால்தான் நிஜம் மாதிரி தெரிகிறது. மாடல் கட்டுவது அப்படியே அளவெடுத்துச் சுருக்குவது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் தோற்றுப் போவார்கள். கண் எதை நம்பும் என்பதற்குத்தான் வேலை, ஸ்கேலுக்கு அல்ல.

31ஆம் நம்பர் கம்பி

டீடெயிலிங் என்று மாடல் கட்டுகிறவர்கள் சொல்வது, பெட்டியில் வராததைச் சேர்ப்பது. இன்ஜின் அறையில் வயர்கள், டிஸ்க் பிரேக்குக்குப் பித்தளைத் தகடு, சீட் பெல்ட்டுக்குக் கொக்கி, ரேடியேட்டருக்கு ஹோஸ். வெளிநாட்டில் இவற்றுக்குத் தனித்தனிப் பாக்கெட்டே விற்கிறார்கள், கிட் விலைக்கு மேல்.

கோவையில் அதற்குப் போக வேண்டியது மோட்டார் வைண்டிங் கடைக்கு. ஸ்பார்க் பிளக் வயர் நிஜத்தில் 7 மில்லிமீட்டர் கனம். 24ல் வகுத்தால் 0.29. வைண்டிங் கடையில் 31ஆம் நம்பர் செம்புக் கம்பி 0.295 மில்லிமீட்டர், அதன் மேல் எனாமல் பூச்சு. இதைவிடப் பொருத்தமாய் எந்த ஜப்பான் கம்பெனியும் தர முடியாது. எரிந்துபோன பம்ப் மோட்டாரிலிருந்து உருவிப் போட்ட கம்பியில் ஒரு முழம் கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார்கள். நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு பிளக் வயர் நாலு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்று, மொத்தம் ஐந்து துண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் கம்பி நுழையும் அளவு டிரில்லைக் கையில் பிடித்துத் துளை போட்டு, கம்பியை நுழைத்து, எரியும் வரிசைப்படி கொண்டுபோக வேண்டும். 1-3-4-2 என்று மெக்கானிக்குகள் வாயில் மனப்பாடமாக இருக்கும் வரிசை. பார்க்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அதைச் சரிபார்க்க மாட்டார். அந்த ஒருவர் கோவையில் எந்த நேரமும் கதவைத் தட்டலாம் என்பதால் சரியாகத்தான் போட வேண்டும்.

ஏசி வயரிலிருந்து பிரித்த இழை பிரேக் பைப்புக்கு ஆகும். தேய்ந்த தறி அச்சின் எஃகுப் பல் பின் சக்கர லீஃப் ஸ்பிரிங்குக்குத் தோதாக இருக்கும். சிகரெட் பெட்டிக்குள் வரும் தாளின் அலுமினியப் பூச்சு ஜன்னல் பீடிங்குக்கு. குரோம் பம்பர் மிகையாய் மின்னினால், துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறப்போட்டால் பூச்சு கழன்றுவிடும்; பிறகு நம் விருப்பப்படி வெள்ளி அடிக்கலாம். டயரின் நடுவே ஓடும் அச்சுக் கோட்டை, சக்கரத்தை டிரில் மெஷினில் பூட்டிச் சுற்றவிட்டு உப்புத்தாளைக் காட்டினால் போய்விடும். புதுக்கறுப்புப் பளபளப்பும் மங்கி, ஓடின டயர் ஆகிவிடும். இந்த மண்ணில் எந்த டயரும் கறுப்பாக இருப்பதில்லை. செம்மண் தூளை உலர்ந்த தூரிகையில் தொட்டு லேசாய்த் தட்டினால் அவிநாசி ரோட்டு வண்டி.

ஜிம்னியை ஜிப்ஸியாக்குவது

இனி மனக்குறைக்கு வருகிறேன். நம் ரோட்டில் ஓடின கார்களுக்குப் பெட்டி கிடைப்பதில்லை. வெளிநாட்டு ஷெல்பியும் ஸ்கைலைனும் எத்தனையோ விதத்தில் இருக்கின்றன. நம் கல்யாண ஊர்வலத்திலும் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் நின்ற அம்பாசடருக்கு, பெயர் பெற்ற கிட் கம்பெனிகளின் வரிசையில் இடமில்லை. டெல்லியின் சென்டி டாய்ஸ் பின்னுக்கு இழுத்துவிட்டால் ஓடும் அம்பாசடர் விற்கிறது. குழந்தைக்கு நல்ல பொம்மை. கட்டுகிறவனுக்கு அது காணாது.

அதனால் இந்திய மாடல்காரன் சுற்றுவழி பார்க்கிறான். மாருதி ஜிப்ஸி வேண்டுமா? ஹாசெகாவாவின் 24ல் ஒரு பங்கு சுசுகி ஜிம்னி ஜேஏ11 கிட்டை வாங்குகிறான். இரண்டும் ஒரே வம்சம். ஆனால் ஜிம்னியின் வீல்பேஸ் 2,030 மில்லிமீட்டர், ஜிப்ஸியினுடையது 2,375. வித்தியாசம் 345, 24ல் வகுத்தால் 14.4 மில்லிமீட்டர். கதவுக்குப் பின்னால் பாடியை நறுக்கென்று வெட்டி, நடுவே 14.4 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு வைத்து, பட்டி போட்டு, தேய்த்து நேராக்க வேண்டும். அடியிலுள்ள சேஸிஸ் சட்டத்தையும் அதே போல நீட்ட வேண்டும். அகலமும் ஒத்துப் போகாது. சக்கர வளைவுகளுக்கு விளிம்பு கட்ட வேண்டும். 1985 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் போலீசிலும் ராணுவத்திலும் ஓடிய வண்டி. சூலூர் விமானப்படைத் தளப் பக்கம் வளர்ந்த பையன்களுக்கு அதன் முகம் மறக்குமா? வெட்டி ஒட்டியாவது செய்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் கிட்டையே நாடுவதில்லை. தமிழ்நாடு முழுக்க பஸ் பைத்தியங்கள் உண்டு. அரசு பஸ்ஸையும் ஊரின் தனியார் டவுன் பஸ்ஸையும் ஃபோம் ஷீட்டில் வெட்டி, ஜன்னல் கம்பி, ஏணி, படிக்கட்டு, ரூட் போர்டு வரைக்கும் செய்து, உள்ளே எல்இடி விளக்கு போடுகிறார்கள். பலரும் ஐடிஐ, பாலிடெக்னிக் பையன்கள். வரைபடம் கிடையாது, நின்ற பஸ்ஸைச் சுற்றி வந்து போட்டோ எடுத்து, டயரின் விட்டத்தை அளவுகோலாக வைத்து மற்ற அளவுகளைப் பிடிக்கிறார்கள். விலையுயர்ந்த கிட்டைப் படவிளக்கப்படி ஒட்டுபவனைவிட இந்தப் பையன்கள் ஒரு படி மேல் என்பது என் எண்ணம். இவர்களுக்குப் போட்டி வைக்கவோ பரிசு கொடுக்கவோ பெரிய மேடை எதுவும் அமையவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1930லிருந்து 1968 வரை ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்டு என்ற பெயரில் சிறுவர்களுக்கு மாடல் செய்யும் போட்டி நடத்தி, கல்லூரிப் படிப்புக்குப் பணம் தந்தது. பின்னாளில் கார் வடிவமைப்பாளர்களாக வந்தவர்கள் பலர் அந்தப் போட்டியில் தேறியவர்கள்.

வரியும் அச்சும்

வெளிநாட்டு கிட் வாங்கினால் பர்ஸ் காலி. சுங்கவரிப் பட்டியலில் ஸ்கேல் மாடல்கள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன, 9503. சீனப் பொம்மைகளைத் தடுக்க 2020 பிப்ரவரியில் அந்த வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள். 2023ல் 70. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலுக்கு அது நல்லது செய்திருக்கலாம். ஆனால் இங்கே செய்யாத ஒரு பொருளுக்கு வரி போட்டு எந்த உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்றுகிறோம்?

செய்ய முடியாதது என்றும் சொல்ல மாட்டேன். 1960களின் கடைசியில் லிவர்பூலின் டிங்கி டாய்ஸ் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்தன; அவற்றைக் கொண்டு நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் உலோகக் கார்கள் வார்த்தார்கள். அடுத்தவன் அச்சு, நம் வார்ப்பு. இன்று கோவையில் அச்சையே செதுக்கும் டூல் ரூம்கள் இருக்கின்றன. பம்ப் இம்பெல்லருக்கும் மிக்ஸி ஜாருக்கும் கார் உதிரிக்கும் ஊசி வார்ப்பு அச்சுகள் வெட்டுகிறார்கள். ஸ்லைடு போட்ட அச்சு அவர்களுக்குப் புதுசில்லை. எஃகு அச்சுக்கு முதல் போட யோசனையாக இருந்தால் அலுமினிய அச்சில் சில ஆயிரம் பெட்டிகள் எடுக்கலாம். அதற்கும் முன்னால், 3டி பிரின்டரில் 0.05 மில்லிமீட்டர் அடுக்கில் மாதிரி எடுத்து, சிலிகோன் ரப்பர் அச்சில் ரெசின் ஊற்றினால் ஓர் அச்சுக்கு இருபது முப்பது பாடி கிடைக்கும். அதை விற்றுப் பார்த்து, வரவேற்பைக் கண்டு, பிறகு எஃகுக்குப் போகலாம். அம்பாசடரின் நீளம் ஏறத்தாழ 18 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். வீல்பேஸ் 2,464 மில்லிமீட்டர், மாடலில் 102.7.

1952ல் 2,000 ரூபாய்க்கு இருவர் போகும் கார் செய்து தருகிறேன் என்று ஜி.டி.நாயுடு கேட்டார், அரசாங்கம் உரிமம் தரவில்லை. 24ல் ஒரு பங்கு காருக்கு அப்படி யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை 2015ல் திறந்த ஜீடி கார் மியூசியம் அவிநாசி ரோட்டில்தான் இருக்கிறது. பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். நிஜக் காரைச் சுற்றி நடந்து பார்க்காதவனுக்கு மாடல் கைவராது. விதிப்படி எவ்வளவு அனுமதியோ அவ்வளவுக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டூல் ரூம் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்டர் குறைந்து மெஷின் நிற்கும் மாதம் எப்படியும் வரும். அந்த மாதத்தில் ஒரு அம்பாசடர் அச்சை வெட்டிப் பாருங்கள். வாங்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். அந்தக் காரில் பெண் பார்க்கப் போனவர்கள், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனவர்கள் எல்லாம் இன்னும் இருக்கிறார்கள்.

வாசகர்களுக்கு ஒன்று. உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014ல். உங்கள் கொட்டகையில் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கலாம். அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதற்கு முன், டேப்பும் வெர்னியரும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வந்து கேட்டால், வாசலோடு திருப்பி அனுப்பாமல் பானட்டைத் திறந்து காட்டுங்கள்.